சோழவரத்தில் ஓடிய வண்டியா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பந்தய வரலாற்றைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு விலை பேசப் போனால், விற்பவர் வாயிலிருந்து எப்படியும் ஒரு வார்த்தை வந்துவிடும்: “இது சோழவரத்தில் பந்தயம் ஓடிய வண்டி.” (சென்னைக்கு அருகே விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்த இடம் அது.) சில நேரம் அது உண்மை. பல நேரம் அவருக்கு விற்றவர் சொன்னதை அவர் சொல்கிறார். அந்த மனிதருக்கு அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னது. இந்த ஒரு பேச்சை நம்பி விலையில் லட்சக்கணக்கில் கூட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

டிரையம்ப் டிஆர்3 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கடந்த காலத்தைத் தேடி ஆர்.டி.ஓ. அலுவலகம், நூலகம், பட்டறை, பழைய பந்தய வீரர்களின் வீடுகள் என்று நான் அலைந்திருக்கிறேன். எதை முதலில் செய்வது, யாரிடம் எதைக் கேட்பது, எதற்கு எவ்வளவு செலவாகும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்று எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்திருந்தால் அந்த அலைச்சலில் பாதி மிஞ்சியிருக்கும். அடுத்து வருபவருக்காவது அது மிஞ்சட்டும்.

தேடலின் வரிசை மிக முக்கியம். முதலில் இரும்பு, அடுத்து காகிதம், கடைசியில் மனிதர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரைப் பற்றிய கதையை முதலில் கேட்டுவிட்டால், பிறகு கண்ணில் படுவதெல்லாம் அந்தக் கதைக்குச் சாட்சியாகவே தோன்றும்.

1. பட்டறைக்கு அனுப்பும் முன் படம் எடுங்கள்

கார் கைக்கு வந்ததும் பெயிண்ட் அடிக்கத் தோன்றும். தயவுசெய்து பொறுங்கள். பந்தயம் ஓடிய கார் தன் வரலாற்றை ஓட்டைகளில் வைத்திருக்கிறது. நல்ல டிங்கர் வேலைக்காரர் முதல் நாளிலேயே அந்த ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, சமப்படுத்திவிடுவார். அது அவருடைய தொழில் நேர்த்தி. உங்களுக்கோ அதோடு சாட்சி போய்விடும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் சிறிய பந்தயக் கண்ணாடி பொருத்திய துளைகள், இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்புக் கம்பி வளையம் நின்ற இடம், போனட்டைத் தோல் வாரால் இழுத்துக் கட்டிய கொக்கிகளின் அடையாளம், பம்பர் தாங்கிகள் அறுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பகமாகத் தெரிவது ஒன்று உண்டு. என்ஜின் ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அறுகோணத் தலையின் ஒரு மூலையில் குறுக்கே ஊசி நுழையும் அளவுக்குச் சிறு துளை இருந்தால், அது கம்பி கோத்துப் பூட்டுவதற்காகப் போட்டது. ஓட்டத்தின்போது போல்ட் கழன்று ஓடுபாதையில் ஆயில் கொட்டாமல் இருக்கப் பந்தயக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது. கடைக்குப் போய்வர கார் வைத்திருந்தவர் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார். இது எந்தப் பந்தயம் என்று சொல்லாது. ஆனால் இந்த என்ஜினை யாரோ பந்தயத்துக்காகத் தயார் செய்தார் என்று சொல்லும். (அந்த என்ஜின் இந்தக் காருடையதுதானா என்பது வேறு கேள்வி. அது அடுத்த படியில்.)

நிறத்தையும் இதே கட்டத்தில் பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியிலோ கதவு மூடும் விளிம்பிலோ, வெளியே தெரியாத ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நைசான வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். மேல் நிறம், அதன் கீழ் சாம்பல் நிற பிரைமர், அதன் கீழ் வேறொரு நிறம் என்று வளையம் வளையமாக வரும். உலோகத்தை ஒட்டி இருப்பதுதான் முதல் நிறம். அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள். பின்னால் தொழிற்சாலைச் சான்றிதழ் வரும்போதும், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கார் வெளிறியிருக்கிறதா கருத்திருக்கிறதா என்று பார்க்கும்போதும் இது உதவும்.

செலவு: வாட்டர் பேப்பர் விலை மட்டும். காலம்: ஒரு விடுமுறை நாள்.

2. எண்களைப் பிரதி எடுங்கள்

ஒரு காருக்கு ஒரு எண் என்று நினைக்காதீர்கள். சேசிஸ் எண், என்ஜின் எண், பாடி எண், சில கார்களில் கியர்பாக்ஸ் எண் என்று குறைந்தது மூன்று இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறியிருக்கக்கூடும்.

எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வது போதாது. ஆர்.டி.ஓ.வில் செய்வதைப் போல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். 3, 8, 6 போன்ற எண்கள் துருவில் ஒன்றுபோலத் தெரியும். பென்சில் பிரதியில்தான் வேறுபாடு வரும். பொறித்த எழுத்துகளின் ஆழமும் சாய்வும் சீராக இருக்கின்றனவா என்பதும் அதில் தெரியும்.

இங்கே ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. முதலாவது, மேலெழும்பிய எழுத்துகள். என்ஜின் பிளாக்கில் புடைத்துத் தெரியும் எண் வார்ப்படத்தின் எண். அதே அச்சில் வார்த்த எல்லா என்ஜின்களிலும் அதுவே இருக்கும். உள்ளே குழிந்து பொறிக்கப்பட்டதுதான் உங்கள் என்ஜினின் எண். பழைய ஆர்.சி. புத்தகங்களில் வார்ப்பட எண்ணை என்ஜின் எண்ணாக எழுதிவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தகடு. டிரையம்ப் டிஆர்2, டிஆர்3 கார்களில் ‘டிஎஸ்’ என்று தொடங்கும் எண் போனட்டுக்கு அடியில் உள்ள தகட்டில் இருக்கும். சேசிஸ் சட்டகத்தில் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்காது. தகட்டைக் கழற்றி வேறொரு காரில் பொருத்துவது கடினமான வேலையல்ல. ஆகவே தகட்டை மட்டும் நம்பாமல் என்ஜின் எண்ணையும் பாடி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஜாகுவார் எக்ஸ்கே120 காரில் சேசிஸ் எண் தகட்டிலும் இருக்கும், சட்டகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

எண் மங்கியிருக்கிறது என்று யாராவது மறுபடி பொறித்துத் தர முன்வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். சட்டச் சிக்கல் வரும் என்பது ஒருபுறம் இருக்க, காரின் அடையாளத்தையே அது என்றென்றைக்கும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

3. எண்ணும் உடலும் ஒத்துப்போகின்றனவா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பணம் எதுவும் செலவழிக்காமல் பெரிய பொய்களைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான்.

எம்ஜி டிசி 1945 முதல் 1949 வரை செய்யப்பட்டது. அதன் எண்கள் 0251இல் தொடங்குகின்றன. எல்லாமே வலது பக்க ஸ்டியரிங். “தொழிற்சாலையிலிருந்தே இடது பக்க ஸ்டியரிங்கோடு வந்த டிசி” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எக்ஸ்கே120 திறந்த கார்களில் வலது பக்கத்தவை 660 என்றும் இடது பக்கத்தவை 670 என்றும் தொடங்கும். டிஆர்2 காரில் டிஎஸ்4002 எண்ணிலிருந்து கதவு குட்டையாகி, அதன் கீழே உடற்பலகை தெரியத் தொடங்கியது. டிஆர்3 காரில் டிஎஸ்13046 எண்ணிலிருந்து முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. உங்கள் எண் அதற்கு முந்தையதாக இருந்து முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தால், ஒன்று யாரோ மாற்றியிருக்கிறார்கள் அல்லது தகடு வேறு காருடையது. மாற்றியிருந்தால் அதுவும் பந்தயத்துக்காகச் செய்ததாக இருக்கலாம். குறித்துக்கொள்ளுங்கள்; முடிவு கட்ட அவசரப்படாதீர்கள்.

நம் ஊர்க் கார்களில் என்ஜின் மாற்றம் மிகச் சாதாரணம். இறக்குமதி உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் அம்பாசடர் என்ஜினைப் பொருத்தி ஓட்டிய எம்ஜிகள் உண்டு. டிரையம்ப் டிஆர் காரில் இது கண்டுபிடிக்கக் கடினமானது. டிஆர் என்ஜினும் ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ஜினும் ஒரே குடும்பம். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்ததால் வான்கார்டு பாகங்கள் தென்னிந்தியாவில் கிடைத்தன. வேறுபாடு உள்ளே இருக்கிறது: டிஆர் என்ஜினின் சிலிண்டர் விட்டம் 83 மில்லிமீட்டர், கொள்ளளவு 1,991 சிசி, வான்கார்டில் 85 மில்லிமீட்டர், 2,088 சிசி. ஆனால் சிலிண்டர் லைனரை மாற்றிவிட முடியும் என்பதால் அளவு மட்டும் போதாது. பிளாக்கில் பொறித்த எண் ‘டிஎஸ்’ என்று தொடங்கி ‘இ’ எழுத்தில் முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த வேலைக்குப் பழைய மேஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் இந்த வண்டிகளில் கைவைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பலர் தமிழ் பேசுபவர்கள். நான் அழைத்துப்போன பெரியவர் என்ஜினைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “தம்பி, கார்புரேட்டர் இருக்கிற இடம் சரி. இந்த நட்டுகள் மட்டும் இங்கே நம் ஊரில் போட்டவை. யாரோ அவசரத்தில் கழற்றியிருக்கிறார்கள்” என்றார். அப்படிப்பட்ட கண் நமக்கு வருவதற்கு வாழ்நாள் வேண்டும். அவர் நேரத்துக்குரிய கூலியைக் கேட்காமலே கொடுங்கள்.

4. தொழிற்சாலைச் சான்றிதழ்

பிரிட்டிஷ் கார்களுக்கு இது பெரிய வரம். டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி போன்றவற்றுக்கு இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியமும், ஜாகுவார் கார்களுக்கு அந்த நிறுவனத்தின் பாரம்பரியப் பிரிவும் உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகின்றன. கார் கட்டி முடித்த நாள், முதல் என்ஜின் எண், பாடி எண், நிறம், இருக்கையின் நிறம், எந்த ஊருக்கு அல்லது எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்கள் அதில் இருக்கும். எம்ஜி டி வரிசைக் கார்களுக்கு எம்ஜி கார் கிளப்பின் டி பிரிவை அணுகுவது நல்லது.

எண் தகட்டின் படத்தையும் கார் உங்களுடையது என்பதற்கான ஆவணத்தையும் தயாராக வைத்துக்கொண்டு இணையத்தில் விண்ணப்பியுங்கள். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒதுக்குங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். கார் வாங்குவதற்கு முன்பே விற்பவரை விண்ணப்பிக்கச் சொல்லி, செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. மறுக்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

சான்றிதழில் அனுப்பிய இடம் பம்பாய் என்றோ கல்கத்தா என்றோ இருந்தால், கார் புதிதாகவே இந்தியா வந்தது. இங்கிலாந்து விற்பனையாளர் பெயர் இருந்தால், அங்கே ஓடிவிட்டு யாரோ கொண்டுவந்தார்கள் என்று பொருள். அப்போது அதன் பழைய பிரிட்டிஷ் பதிவெண்ணையும் தேட வேண்டும். அந்நாட்டு மாவட்டப் பதிவேடுகள் பலவற்றை கிட்ஹெட் டிரஸ்ட் என்ற ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

இந்தச் சான்றிதழ் காரின் பிறப்பை மட்டுமே சொல்லும். பந்தயம் ஓடியதா என்பதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது. விற்பனை விளம்பரங்களில் இந்தச் சான்றிதழைப் பந்தய வரலாற்றுக்கு ஆதாரம்போலக் காட்டுவார்கள், கவனமாக இருங்கள்.

5. ஆர்.டி.ஓ.: பி எக்ஸ்ட்ராக்ட்

இனி இந்திய வாழ்க்கை. உங்கள் கையிலிருக்கும் ஆர்.சி. எத்தனையாவது ஆர்.சி. என்று பாருங்கள். பழைய புத்தக வடிவ ஆர்.சி.யாக இருந்தால் ஒவ்வொரு பெயர் மாற்றமும் முத்திரையோடு வரிசையாக இருக்கும். அதைத் தங்கம் போலப் பாதுகாத்து, எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்களையும்கூட, ஸ்கேன் செய்துவிடுங்கள். இப்போதைய அட்டை வடிவமாக இருந்தால் பழைய உரிமையாளர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். அதற்குத்தான் ஆர்.டி.ஓ. பதிவேட்டின் நகலான பி எக்ஸ்ட்ராக்ட் வேண்டும்.

பெங்களூரில் கேஏ-01 கோரமங்களா, 02 ராஜாஜிநகர், 03 இந்திராநகர், 04 யஷ்வந்த்பூர், 05 ஜெயநகர். பழைய ‘எம்ஒய்’ வரிசை எண் கொண்ட காரானால், அந்தப் பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ஒரு கவுண்ட்டரிலிருந்து இன்னொரு கவுண்ட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓர் அலுவலகத்தில் “இவ்வளவு பழைய வண்டிக்கெல்லாம் பதிவேடு கிடையாது” என்று ஏடுகளைத் திறந்துகூடப் பார்க்காமல் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். எழுத்தில் கேட்ட பிறகு அதே இடத்திலிருந்துதான் நகல் வந்தது.

பதிவெண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் வழிகாட்டும். 1989 ஜூலைக்கு முந்தைய எண்களில் எம்எஸ் என்றால் மதராஸ் மாநிலம், எம்ஒய் மைசூர், பிஎம் பம்பாய், டபிள்யூபி மேற்கு வங்கம், டிஎல் டெல்லி. மாநிலம் மாறிய கார் புது எண் வாங்கியிருக்கும். ஆகவே ஒரே கார் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று எண்களைச் சுமந்திருக்கலாம். பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் ‘முந்தைய எண்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய படங்களில் தேட வேண்டியது இன்றைய எண்ணை அல்ல, அந்தந்தக் காலத்து எண்ணை.

6. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம்

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். கர்நாடகத்தில் விண்ணப்பம் 150 சொற்களுக்குள், ஒரே பொருளைப் பற்றி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு கார்களையோ இரண்டு விவகாரங்களையோ ஒரே மனுவில் கலந்தால் நிராகரிக்க வழி கிடைத்துவிடும். கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அங்கே தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

“மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்” என்று பழைய உரிமையாளர்களின் பெயரைத் தர மறுப்பதுதான் வழக்கமான பதில். அங்கேதான் பலரும் திரும்பிவிடுகிறார்கள். சட்டத்தின் 8(3) பிரிவைப் படியுங்கள்: இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த விஷயம் பற்றிய தகவலைத் தர வேண்டும், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணங்கள் ஆகிய விலக்குகள் மட்டுமே அதற்குப் பொருந்தும். 1962இல் நடந்த பெயர் மாற்றத்துக்குத் தனியுரிமையைக் காட்டி மறுக்க முடியாது. இந்தப் பிரிவை மனுவிலேயே ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்; மேல்முறையீட்டுக்குப் போக நேர்ந்தாலும் அதுவே உங்கள் வாதம். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதற்கு 90 நாள் கெடு.

மனுவில் இன்னொரு வரியையும் சேருங்கள்: “பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பதற்கான ஆணையின் நகல் தரவும்.” ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க நினைப்பவரை ஏட்டைத் திறக்க வைக்கும் வரி அது.

7. பந்தயக் காகிதங்கள்

இப்போது உங்களிடம் உரிமையாளர்களின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. இவை இல்லாமல் பத்திரிகைக் குவியலுக்குள் இறங்காதீர்கள், மூச்சு முட்டிவிடும்.

எந்த ஆண்டில் கார் எந்த மாநிலத்தில் இருந்தது என்பதை வைத்து எந்த ஓடுபாதை என்று ஊகிக்கலாம். சென்னைக்கு சோழவரம், பம்பாய்க்கு ஜூஹு, கல்கத்தாவுக்கு பாரக்பூர்; எல்லாமே விமான ஓடுபாதைகள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990இல் வந்தது. ஆகவே “மெட்ராஸ் கிளப் 1948இல் நடத்திய பந்தயத்தில் ஓடியது” என்ற கதையை நம்ப வேண்டாம்.

மிகச் சிறந்த ஆவணம் பந்தய நாளில் விற்ற நிகழ்ச்சிப் புத்தகம். அதில் பந்தய எண், கார், ஓட்டுநர், காரைப் பந்தயத்துக்குப் பதிந்தவர், பிரிவு எல்லாம் அட்டவணையாக இருக்கும். இது கிளப்புகளிலும் பழைய வீரர்களின் பெட்டிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும்தான் கிடைக்கும். அடுத்தது நாளிதழ். பெங்களூரில் கப்பன் பூங்காவிலுள்ள மாநில மத்திய நூலகத்தில் தொடங்குங்கள். டெக்கான் ஹெரால்டு 1948 முதல் வருகிறது. சோழவரத்துக்கு சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம். இந்து குழுமம் நடத்திய ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ வார இதழ் 1947 முதல் 1968 வரை வந்தது. படங்களுக்கு அதைத் தவறவிடாதீர்கள். காலை லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தால் நண்பகல் வாக்கில் சென்ட்ரல். அரை நாளில் வேலை முடியாது, ஓர் இரவு தங்கும்படி போங்கள். அரசு விடுமுறையா என்று பார்த்துவிட்டு, படம் எடுக்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பழைய தொகுப்புகளின் தாள் விரல் பட்டாலே உதிரும். பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பாமல் அடியில் கை கொடுத்துத் திருப்புங்கள்.

செய்தியைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. நிருபர் ‘டிரையம்ப்’ என்று மட்டும் எழுதியிருப்பார். 1961க்குப் பிறகு அது சென்னையிலேயே செய்யப்பட்ட ஹெரால்டாகவும் இருக்கலாம். பிரிவைப் பாருங்கள்: டிஆர் 1,991 சிசி, தொடக்க கால ஹெரால்டு 948 சிசி. சிறிய பிரிவில் வென்ற ‘டிரையம்ப்’ உங்கள் கார் அல்ல. பந்தய எண்ணும் நிரந்தரமானதல்ல. ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாறும். ஒருவர் ஒரே நாளில் இரண்டு கார் ஓட்டியிருப்பார்; ஒரே காரை இரண்டு பேர் வெவ்வேறு பிரிவுகளில் ஓட்டியிருப்பார்கள். ஓட்டுநரின் பெயர் உங்கள் பதிவேட்டுப் பெயரோடு ஒத்துப்போவது நல்ல தடயம். அது மட்டுமே நிரூபணம் ஆகாது. காரின் பதிவெண் தெரியும் படம் ஒன்று கிடைக்கும்வரை ‘இருக்கலாம்’ என்றே எழுதுங்கள்.

தேதியில்லாத படத்தில் உங்கள் காரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் கார்களைப் பாருங்கள். ஒரு மாருதி 800 தெரிந்தால் படம் 1983 டிசம்பருக்குப் பிந்தையது. ஹெரால்டு நின்றால் பெரும்பாலும் 1961க்குப் பிந்தையது. பின்னணி பொய் சொல்வதில்லை, ஏனென்றால் யாரும் அதைத் திருத்த நினைப்பதில்லை.

பெரிய பெயர்கள் வரும்போது இரட்டிப்புக் கவனம் தேவை. கோண்டல் அரச குடும்பத்தார் பந்தயங்களில் ஓட்டியதும், விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டியதும், கோவை கரிவரதன் தானே பந்தயக் கார்கள் கட்டியதும் எல்லோரும் அறிந்தவை. அதனாலேயே இவர்கள் பெயரை எந்தக் காரோடும் ஒட்டுவது எளிது. பெயர் பெரியதாக இருந்தால் ஆவணமும் அதே அளவுக்கு வலுவாக வேண்டும்.

8. பெரியவர்களைச் சந்திப்பது

இதுதான் மிக இனிமையான பகுதி, மிக அவசரமானதும். அன்று ஓட்டியவர்கள், அவர்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது மிக வயதாகிவிட்டது. மற்ற படிகளுக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் இருக்கிறது; இதற்கு இல்லை. மேலே சொன்னவற்றில் மூன்றாவது படி முடிந்ததுமே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

நேரே போய்க் கதவைத் தட்டாதீர்கள். யார் நீங்கள், எந்தக் கார், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்புங்கள். காரோ பாகமோ விலைக்குக் கேட்க வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய பொருள் வாங்கும் வியாபாரிகளிடம் பட்ட குடும்பங்கள் நிறைய. கர்நாடக விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப், சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் ஆகியவற்றில் அறிமுகம் கேட்டால் வழி திறக்கும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “ஐயா, இந்த வண்டியை நீங்கள் 1964இல் சோழவரத்தில் ஓட்டினீர்கள் அல்லவா?” என்று கேட்டால், ஆசையாக வந்த பிள்ளையை ஏமாற்றக் கூடாது என்று ‘ஆமாம்’ என்றுவிடுவார்கள். பதிலாக, “நீங்கள் ஓட்டிய வண்டி என்ன நிறம்? யாரிடமிருந்து வாங்கினீர்கள்? எங்கே அடிபட்டது?” என்று கேளுங்கள். நான் சந்தித்த ஒருவர், வண்டியின் இடது பின் மட்கார்டு ஒருமுறை ஓடுபாதை ஓரத்து வைக்கோல் கட்டு மீது மோதி நசுங்கியதையும், ஈயம் உருக்கி ஊற்றி அதைச் சரிசெய்ததையும் சொன்னார். காருக்குத் திரும்பி வந்து அந்த இடத்தில் காந்தம் வைத்தேன். உள்ளங்கை அளவு இடத்தில் அது ஒட்டவில்லை. படத்தைக் காட்டும் முன்பே அவர் சொன்னது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆல்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே கைபேசியில் படம் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். பேச்சை அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு நல்ல பிரிண்ட் ஒன்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்கள் அதன் பிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறப்பார்கள்.

9. கோப்பு

ஆண்டு வரிசையில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரம்: பதிவேடு, செய்தி, படம், பேச்சு. பேச்சு மட்டும் இருப்பதைப் பேச்சு என்றே குறியுங்கள். ஒன்றும் கிடைக்காத ஆண்டுகளை வெற்றிடமாக விடுங்கள். வெற்றிடங்கள் உள்ள கோப்பைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர் மற்ற வரிகளை நம்புவார். இடைவெளியே இல்லாமல் வழவழவென்று ஓடும் வரலாறு எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுக்கிறது.

வெளிநாட்டுப் பழங்கார்ப் பந்தயங்களில் ஓட்ட விரும்பினால் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வழங்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேண்டும். அது கார் எந்தக் காலத்து வடிவமைப்பில் இருக்கிறது என்பதற்கான ஆவணம். இதே கார்தான் அன்று ஓடியது என்று அது உறுதி சொல்லாது.

10. விண்டேஜ் பதிவு: எப்போது, எவ்வளவு

2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். பரிவாகன் தளத்தில் படிவம் 20, காப்பீடு, ஏற்கெனவே பதிவான காருக்குப் பழைய ஆர்.சி., இறக்குமதி என்றால் சுங்க நுழைவுச் சீட்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அறுபது நாளுக்குள் படிவம் 23ஏ-யில் சான்றிதழ் தர வேண்டும். செல்லுபடி பத்து ஆண்டு. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே பழைய ஆர்.சி.யைப் பொத்திப் பாதுகாக்கச் சொன்னேன். புதிதாகப் பதிபவருக்கு ‘விஏ’ வரிசை எண் கிடைக்கும்.

இரண்டு விஷயங்களை யோசித்த பிறகு விண்ணப்பியுங்கள். விண்டேஜ் பதிவு பெற்ற காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். மேலும், சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த கார் இந்தப் பதிவுக்குத் தகுதி பெறாது. பந்தயத்துக்காக அந்தக் காலத்திலேயே மாற்றிய காருக்கு இது இடைஞ்சல். உங்கள் கோப்பிலுள்ள தேதியிட்ட படங்களை, எது எப்போது மாறியது என்ற குறிப்போடு, விண்ணப்பத்துடன் இணைத்துவிடுங்கள். பிற்காலத்தில் காரை விற்றால் விற்பவரும் வாங்குபவரும் 90 நாளுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கோப்பின் அசல் காரோடு போகட்டும். ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை உங்களுக்குப் படம் கொடுத்த குடும்பத்துக்கு அனுப்பிவையுங்கள்.